காலதாமத அபராதமும், கையெழுத்திட்டுக் கொடுத்த தாளும்

கேள்வி: நான் சாலை, பாலப் பணிகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரன். மாநில அரசுத் துறை ஒன்றுக்கு 6 கோடி ரூபாய் மதிப்பில் ஓர் ஆற்றுப்பாலத்தையும் அதன் இருபுற அணுகுசாலைகளையும் 18 மாதங்களில் கட்டித்தர ஒப்பந்தம் செய்தேன். ஒரு கரையில் அணுகுசாலைக்கான நிலம் 11 மாதம் தாமதமாகவே என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. என் கலவை ஆலை பழுதானதால் 2 மாதத் தாமதம் என் பக்கமும் உண்டு. துறை முதலில் 8 மாதமும், பிறகு 5 மாதமும் கால நீட்டிப்பு அளித்தது. இரண்டாவது ஆணையில் மட்டும் ‘அபராதம் விதிக்கும் உரிமைக்குக் குந்தகமின்றி’ என்று எழுதியிருந்தார்கள். பாலம் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு இறுதிப் பில்லில் 60 லட்சம் ரூபாயைக் காலதாமத அபராதமாகப் பிடித்துக்கொண்டார்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்திட்டால்தான் மீதிப் பணம் என்றதால் கையெழுத்திட்டேன்; 20 நாள் கழித்துப் பதிவுத் தபாலில் எதிர்ப்பும் தெரிவித்தேன். இதெல்லாம் நடந்து 14 மாதங்கள் ஆகின்றன. இப்போது அணுகுசாலை அமிழ்ந்துவிட்டது என்று கூறி, 30 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கப் போவதாகவும், என்மீது ‘தக்க நடவடிக்கை’ ஏன் எடுக்கக்கூடாது என்று 15 நாளில் விளக்கம் தரும்படியும் கடிதம் வந்துள்ளது. அதே பாலத்தோடு சேரும் இணைப்புச் சாலைக்குப் புதிய டெண்டரும் விட்டிருக்கிறார்கள். அந்த டெண்டருக்குத் தடை வாங்கலாமா? என் பணத்தை மீட்க முடியுமா?

பதில்: தடை கேட்கும் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். குறிப்பிட்ட தீர்வழிச் சட்டத்தில் 2018ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவும், 41ஆம் பிரிவின் புதிய உட்பிரிவும், அட்டவணையில் கண்ட உள்கட்டமைப்புத் திட்டங்களைத் தாமதப்படுத்தக்கூடிய தடையாணையை நீதிமன்றம் வழங்கக்கூடாது என்கின்றன. சாலைகளும் பாலங்களும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. உங்கள் குறை பணத்தால் ஈடுசெய்யக்கூடியது என்பதால், வேறொரு பணியின் டெண்டரை நிறுத்தக் கேட்கும் மனு முதல் விசாரணையிலேயே தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். அந்தத் தள்ளுபடி ஆணையின் நகலைத் துறையின் வழக்கறிஞர் பிறகு ஒவ்வொரு விசாரணையிலும் நீட்டுவார்.

கட்டுமான ஒப்பந்த வழக்குகளில் 26 ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன். முதல் சில ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம், அரசு அலுவலகங்களுக்கு டெண்டர் ஆவணங்களை வரைந்து கொடுப்பவனாக உட்கார்ந்திருந்தேன். ‘குந்தகமின்றி’ என்ற அந்த ஒரு சொல் எதற்காக நீட்டிப்பு ஆணையில் இடம்பெறுகிறது என்பதை அங்கேதான் கற்றேன். உங்கள் வழக்கின் உயிரும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது, ஆனால் அது இருபுறமும் வெட்டும் கத்தி என்பதைச் சொல்லிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 55ஆம் பிரிவின் மூன்றாம் பத்தி இதைப் பற்றியது. குறித்த காலத்தில் முடிக்கப்படாத வேலையை ஒருவர் பிற்பட்ட காலத்தில் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே ‘இதற்கு இழப்பீடு கேட்பேன்’ என்று அறிவிப்பு கொடுத்திருந்தாலொழிய, அந்தத் தாமதத்துக்காக அவர் இழப்பீடு கோர முடியாது. உங்கள் முதல் நீட்டிப்பான 8 மாதங்களில் எந்த நிபந்தனையும் இல்லை. ஆகவே அந்த 8 மாதங்களைப் பொறுத்தவரை வேலையை முடிக்கும் நாளே தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. தள்ளிவைத்த நாளுக்கு முந்தைய காலத்துக்கு அபராதக் கணக்கு ஓடாது என்று வாதிட உங்களுக்கு உறுதியான அடித்தளம் இருக்கிறது. பின்னைய 5 மாதங்களுக்குத் துறை தன் உரிமையைக் காத்துக்கொண்டது உண்மைதான். எனினும் உரிமையைக் காத்துக்கொண்டதனாலேயே அபராதம் சரியாகிவிடாது.

74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஓர் உச்சவரம்புதான். கிடைப்பது அதற்குட்பட்ட நியாயமான இழப்பீடு. கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இழப்பு ஏற்பட்டிருப்பதே 74ஆம் பிரிவின் அடிப்படை என்று தெளிவாகக் கூறியது. இழப்பை எண்ணிக்கையில் நிரூபிக்க முடியாத இடங்களில் மட்டும், ஒப்பந்தத் தொகை நேர்மையான முன்மதிப்பீடாக இருந்தால் அதை அப்படியே வழங்கலாம். பொதுப் பயன்பாட்டுப் பாலத்தின் தாமதத்தில் இழப்பை ரூபாயில் அளப்பது கடினம் என்று துறை இந்த வாசகத்தையே பிடித்துக்கொள்ளும். அதை எதிர்பார்த்துத் தயாராக இருங்கள். அதற்கான மறுமொழி, இழப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால் தாமதம் யாரால் என்ற கேள்வி நிற்கிறது என்பதே. மொத்தம் 13 மாதத்தில் 11 மாதம் நிலம் தராததால் வந்தது. தன் கடமையை நிறைவேற்றாதவர் அந்தத் தவறின் பலனை மற்றவரிடமிருந்து அபராதமாக வசூலிக்க முடியாது. கலவை ஆலை பழுதான அந்த 2 மாதத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட தாமதம் தீர்ப்பாயத்தின் முன் உங்கள் மீதிக் கணக்கை நம்ப வைக்கும். மறைத்த தாமதமோ எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

கத்தியின் மறுபுறத்துக்கு வருவோம். அபராதத்தை மீட்பதோடு நிற்காமல், 11 மாதம் ஆட்களும் இயந்திரங்களும் சும்மா நின்ற செலவையும் 73ஆம் பிரிவின்படி கேட்க விரும்புவீர்கள். அதே 55ஆம் பிரிவின் அடிப்படையில், நீட்டிப்பை ஏற்கும்போது ‘இதற்கு இழப்பீடு கோருவேன்’ என்று நீங்களும் எழுதியிருக்க வேண்டும். வடக்கு ரயில்வேக்கும் சர்வேஷ் சோப்ராவுக்கும் இடையிலான 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு, வேலை கொடுத்தவரின் பக்கம் தாமதமானபோதும் வேலையைத் தொடர்ந்த ஒப்பந்தக்காரருக்கு அத்தகைய அறிவிப்பு ஏன் முக்கியம் என்பதைச் சொல்கிறது. நிலம் கேட்டு நீங்கள் எழுதிய கடிதங்களில் பணம் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ‘நாள்தோறும் செலவாகிறது, இதற்குத் துறையே பொறுப்பு’ என்ற அளவில் இருந்தாலும் போதும். எதுவும் இல்லையெனில், இந்தக் கோரிக்கை வலுவற்றது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அத்துடன், தாமதத்துக்கு நீட்டிப்பு மட்டுமே கிடைக்கும், இழப்பீடு கிடையாது என்ற விதி உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அத்தகைய விதிகளைப் பற்றித் தீர்ப்புகள் இருவிதமாகவும் இருந்தாலும், மேம்பாலப் பணிகளைப் பற்றிய சி அண்ட் சி கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் போன்ற விதியை ஒப்பந்தக்காரருக்கு எதிராகவே நிலைநிறுத்தியது.

அறிவிப்பு இருந்தாலும் கணக்கு இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு மெக்டர்மாட் வழக்கில் தாமதத்தால் இழந்த மேற்செலவையும் லாபத்தையும் கணக்கிடும் ஹட்சன், எம்டன் போன்ற சூத்திரங்களை உச்ச நீதிமன்றம் ஏற்றதிலிருந்து, அவற்றில் எண்களைப் போட்டுப் பெரிய தொகையைக் கேட்கும் பழக்கம் எங்கள் தொழிலில் பரவிவிட்டது. நானும் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட மனுக்களை எழுதியவன்தான். ஆனால் யூனிப்ரோஸ் வழக்கில், 2023இல், இழந்த லாபத்தைச் சூத்திரம் மட்டுமே நிரூபிக்காது, வேறு வேலை கிடைத்திருக்கும் என்பதற்குச் சான்று வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறிவிட்டது. இயந்திரங்களின் தினசரிப் பதிவு, சம்பளப் பட்டியல், வருங்கால வைப்புநிதிக் கணக்கு, வாடகை ரசீதுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். சும்மா நின்றதாக நீங்கள் சொல்லும் கிரேன் அந்த மாதங்களில் வேறு பணியிடத்துக்குப் போயிருந்தால், அதன் இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) துறையின் கையில் கிடைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

‘கோரிக்கை இல்லை’ என்ற தாள் நீங்கள் அஞ்சுகிற அளவுக்குப் பெரிய தடை அல்ல. ஆர்.எல்.கலாதியா வழக்கில், அத்தகைய சான்று கொடுத்ததனாலேயே உண்மையான கோரிக்கை அழிந்துவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு முன்பே போகாரா பாலிஃபேப் வழக்கு, பணத்தை நிறுத்திவைத்துப் பெற்ற கையெழுத்தையும் தன்னிச்சையாகச் செய்துகொண்ட தீர்வையும் பிரித்துக் காட்டியிருந்தது. வெறுமனே ‘கட்டாயப்படுத்தினார்கள்’ என்று சொன்னால் எடுபடாது; சூழ்நிலையே பேச வேண்டும். தாள் அலுவலகம் தட்டச்சு செய்து கொடுத்த படிவமா, கையெழுத்திட்ட நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு, அப்போது உங்கள் வங்கிக் கடன் எந்த நிலையில் இருந்தது என்பவற்றை ஆவணங்களால் காட்டுங்கள். 20 நாளில் நீங்கள் அனுப்பிய எதிர்ப்புக் கடிதம் இங்கே பெரிய உதவி. ஓராண்டு கழித்து முதன்முறையாக எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு இதே விடையை என்னால் தர முடிவதில்லை.

அடுத்தது எங்கே வழக்காடுவது என்பது. தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் விடும் நடுவர் தீர்ப்பு விதி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்று எண்ணிக்கொண்டு பலர் வருகிறார்கள். புரட்டிப் பார்த்தால் இருப்பதில்லை. மத்திய நிதி அமைச்சகமே 2024 ஜூனில், அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் விதியை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளோடு அதை நிறுத்திக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. அந்த விதியை நம்பியே தொழிலை வளர்த்த எங்களைப் போன்றவர்களுக்கு அது சற்றுக் கசப்பான செய்தி.

விதி இருந்து, ‘தலைமைப் பொறியாளர் நியமிப்பவரே நடுவர்’ என்று சொன்னால் அதற்குப் பணியத் தேவையில்லை. முடிவில் அக்கறையுள்ளவர் தனி நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கிலும் (2019), பொதுத்துறை ஒப்பந்தங்களில் ஒருதலைப்பட்ச நியமன விதி அரசியலமைப்பின் சமத்துவக் கோட்பாட்டுக்கு முரணானது என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் தீர்ப்பளித்துள்ளன. துறை ஒருவரை அனுப்பி, ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதித் தரச் சொன்னால் எழுதித் தராதீர்கள். தகராறு எழுந்த பிறகு எழுத்தில் அப்படி ஒப்புக்கொண்டால் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம், 1996இன் 12(5) பிரிவு தரும் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். நடுவரை அமர்த்தக் கோரும், அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு அறிவிப்பை அனுப்பி, 30 நாளில் உடன்பாடு ஏற்படாவிட்டால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே அந்தக் கையெழுத்துத் தாளைக் காட்டித் துறை வழக்கை முளையிலேயே கிள்ள முடியாது. தீர்வு ஏற்பட்டுவிட்டதா என்ற கேள்வி நடுவருக்கு உரியது என்று க்ரிஷ் ஸ்பின்னிங் வழக்கில் 2024இல் சொல்லப்பட்டுவிட்டது.

விதி இல்லையெனில் வணிக நீதிமன்றத்தில் வழக்கு. அரசுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி 2 மாத அறிவிப்பும், அவசர நிவாரணம் கேட்காத வழக்குகளில் முன்கூட்டிய சமரசமும் கட்டாயம்.

காலவரம்பு எந்த வழியிலும் 3 ஆண்டுகள்தான். அதில் 14 மாதங்கள் போய்விட்டன. அதிகாரிகளோடு நடக்கும் பேச்சும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற கடிதங்களும் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. துறை பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டால் புதிய காலம் தொடங்கும். இறுதிப் பில்லிலிருந்து 90 நாளுக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும் என்பதைப் போன்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தால், 1997 திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது.

வங்கி உத்தரவாதத்தைப் பொறுத்தவரை எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. நிபந்தனையற்ற உத்தரவாதத்தைப் பணமாக்குவதை நீதிமன்றம் தடுப்பது வெளிப்படையான மோசடியோ, மீட்க முடியாத அநீதியோ இருக்கும்போதுதான். ஆனால் உத்தரவாதத்தின் வாசகத்தை வரிவரியாகப் படியுங்கள். யார் கோர வேண்டும், எந்தச் சொற்களில் கோர வேண்டும் என்று எழுதியிருந்து, துறையின் கடிதம் அதிலிருந்து விலகியிருந்தால் ஒரு வாசல் திறக்கும். நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இடைக்கால ஆணை பெற்றால் 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கியாக வேண்டும். பணமாக்கிவிட்டாலும் அந்தத் தொகை உங்கள் கோரிக்கையில் சேரும். வழக்கு அதோடு முடிவதில்லை. இதற்கிடையில், முடித்த வேலையில் தோன்றும் குறைகளை நீங்களே சரிசெய்ய வேண்டிய குறைநிவர்த்திக் காலம் இன்னும் முடியாமல் இருந்தால், அமிழ்ந்த இடத்தைக் கூட்டாக ஆய்வு செய்ய எழுத்தில் அழையுங்கள். மண் நிரப்பு அடுக்குகளின் அடர்த்திச் சோதனை அறிக்கைகள் உங்களிடம் இருந்தால் அவற்றின் நகல்களை அதோடு இணையுங்கள். இல்லாவிட்டால் அவற்றையும், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களையும், நிலம் ஒப்படைத்த பதிவுகளையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் அவசரமானது அந்த 15 நாள் விளக்கக் கடிதம். ‘தக்க நடவடிக்கை’ என்ற சொல்லுக்குப் பின்னால் கருப்புப் பட்டியல் இருக்கலாம். பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் அப்பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று எருசியன் எக்விப்மெண்ட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நடவடிக்கை எடுக்க உத்தேசம் என்பது அறிவிப்பிலேயே தெளிவாக இருக்க வேண்டும் என்று 2014இல் கோர்க்கா செக்யூரிட்டி வழக்கு சேர்த்தது. ஆனால் அறிவிப்பில் குறையிருக்கிறது என்று சொல்லி மௌனமாக இருந்துவிடாதீர்கள். குறையைச் சுட்டிக்காட்டிவிட்டு, அதையும் மீறி உண்மைகளின் மீது முழு விளக்கம் கொடுங்கள். நேரில் கேட்கும்படியும் கோருங்கள். யாரையும் ஊழல்காரர் என்று எழுத வேண்டாம்; நாளை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுவோடு இணைக்கப்போகும் கடிதம் அது. வாட்ஸ்அப் படங்களை ஆதாரமாகக் காட்டுவதாயிருந்தால், பாரதிய சாட்சிய அதினியம், 2023இன் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை இப்போதே தயாரித்து வையுங்கள். அந்தக் கைபேசியை மாற்றிவிடாதீர்கள்.

விளக்கத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புவதோடு, கோட்ட அலுவலகத்தில் நேரிலும் கொடுத்து, நகலில் தேதியுடன் கூடிய முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த நகலோடும், ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளோடும், இரண்டு நீட்டிப்பு ஆணைகளோடும் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தால், 21ஆம் பிரிவு அறிவிப்பா 80ஆம் பிரிவு அறிவிப்பா என்பதை அவர் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.