சுரங்க ஜீப்பில் தொல்லை, ‘ஆபீசுக்கு மாத்திடறேன்’ என்கிற கான்ட்ராக்டர்: நான் என்ன செய்வது?

கேள்வி: சுரங்கவியல் டிப்ளமோ முடித்து, ஒரு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்கிறேன். ஷிப்டில் நான் ஒருத்திதான் பெண். ஆலையின் ஃபோர்மேன் ஒருவர் நான்கு மாதமாக இரட்டை அர்த்தத்தில் பேசுகிறார், ராத்திரியில் வாட்ஸ்அப் அனுப்புகிறார். மூன்று வாரம் முன்பு ஜீப்பில் கையைப் பிடித்தார். கான்ட்ராக்டரிடம் சொன்னால், “உன்னை எடைமேடை ஆபீசுக்கு மாத்திடறேன், பிரச்சினை முடிஞ்சுடும்” என்கிறார். அங்கே சம்பளம் குறைவு, ஃபோர்மேன் சான்றிதழுக்கு வேண்டிய கள அனுபவமும் கிடைக்காது. நான் கம்பெனி ஆள் இல்லையே, புகார் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். கம்பெனி ஆள் இல்லை என்ற தயக்கத்தை முதலில் விடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் ‘பணியாளர்’ என்பதற்கான விளக்கம், கான்ட்ராக்டர் மூலம் வந்தவரையும் பயிற்சிக்கு வந்தவரையும் தினக்கூலியையும் சேர்த்தே சொல்கிறது. முதன்மை முதலாளிக்கு, அதாவது உங்கள் விஷயத்தில் ஆலைக்கு, தெரியாமல் வேலைக்கு வைக்கப்பட்டவர்கூட அதற்குள் வருவார். வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனமும் சட்டப்படி பணியிடம்தான். அதனால், ஜீப்பில் நடந்ததற்குச் சுரங்க நிர்வாகம் பொறுப்பில்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

புகாரை ஆலை நிர்வாகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் கொடுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் இந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பதவியில் உள்ள பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வந்தவராகவும் இருப்பது கட்டாயம். கிளைகள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் குழு வேண்டும். சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஒரு குழுவை வைத்துக்கொண்டு சுரங்கத்துக்கும் அதுவே போதும் என்று இருந்துவிடுவதை நிறைய பார்த்திருக்கிறேன். உங்கள் இடத்தில் குழுவே இல்லை என்றால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள், இத்தகைய புகார்களுக்கான மத்திய அரசின் ஷி-பாக்ஸ் (SHe-Box) இணையதளத்திலும் பதியுங்கள். குழு அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

புகார் கொடுக்க மூன்று மாதம் கெடு. ஆனால் தொல்லை தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் கணக்கு. ஜீப் சம்பவம் மூன்று வாரம் முன்பு நடந்தது என்பதால், நான்கு மாதம் முன் தொடங்கியதையும் சேர்த்தே எழுதலாம். தேதி, ஷிப்ட், இடம், அவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுங்கள். வார்த்தை கூச்சமாக இருக்கிறது என்று மழுப்பி எழுதினால் விசாரணையில் உங்களுக்குத்தான் சிரமம். வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அன்றைய வருகைப் பதிவு, ஜீப்பின் டிரிப் பதிவு இரண்டையும் வரவழைக்கச் சொல்லிக் குழுவிடம் கேளுங்கள். கண்ணால் பார்த்த சாட்சி இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் ஒரு புகாரைப் பொய்ப் புகார் என்று தண்டிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும்.

இப்போது அந்த எடைமேடை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். தப்பு செய்தவர் தன் பெஞ்சிலேயே (சுரங்கத்தில் படிபோல வெட்டிய தளம்) நிற்பார், நீங்கள் சம்பளத்தையும் அனுபவத்தையும் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போக வேண்டுமாம்! இதைப் பாதுகாப்பு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன், இது உங்களுக்குக் கொடுக்கும் தண்டனை. விசாரணைக் காலத்தில் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ தரலாம் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அது நீங்கள் எழுத்தில் கேட்டால்தான், குழுவின் பரிந்துரையில்தான். உங்களுக்குப் பதில் அவரை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லவும், உங்கள் வேலையை மதிப்பிடும் அதிகாரத்தை அவரிடமிருந்து எடுக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. புகாரிலேயே ஒரு பத்தி சேருங்கள்: “என்னைக் களத்திலிருந்து மாற்ற நான் சம்மதிக்கவில்லை. எதிர்மனுதாரரை வேறு ஷிப்டுக்கு மாற்றக் கோருகிறேன்.”

பெண்ணைக் களத்திலிருந்து ஒதுக்கும் இந்தப் பழக்கத்துக்குச் சுரங்கத்தில் வேர் ஆழம். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடியில் இறங்கவே விடவில்லை, மேலே உள்ள வேலையும் காலை 6 முதல் இரவு 7 வரைதான். 2019 ஜனவரியில்தான் மத்திய அரசு இதைத் தளர்த்தியது. திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவு வேலைக்கும், நிலத்தடியில் பகலில் தொழில்நுட்ப, மேற்பார்வை வேலைகளுக்கும் வழி திறந்தது. பெண்ணின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும், ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பெண்கள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லா நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைக்கும் பெண்களுக்கு உரிமை உண்டு என்கின்றன. ஒரே வேலைக்கு ஆண் பெண் பார்த்துக் கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஆகவே “பொண்ணுன்னா களத்துக்குச் சரிவராது” என்று யாராவது சொன்னால், அதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

கையைப் பிடித்தது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் குற்றமாகவும் வரும், மூன்று ஆண்டு வரை கடுங்காவல். குழுவிடம் போனதால் போலீசுக்குப் போகக் கூடாது என்றில்லை, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். நீங்கள் கேட்டால் அதற்கு உதவ வேண்டியது முதலாளியின் கடமை.

அப்புறம், இதைப் படிக்கும் சுரங்க மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை. வெடி வைப்பதற்கு முன் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிறீர்கள், மழைக்குப் பின் பெஞ்ச் சரிகிறதா என்று பார்க்கிறீர்கள். அதே கண்ணோடு ஒரு சுற்று வாருங்கள். ஒற்றைப் பெண் ஷிப்டில் தனியாக நிற்கிறாரா? ஓய்வறைக்கும் கழிவறைக்கும் உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? டம்பர் போகும் பாதையில் விளக்கு எரிகிறதா? ஜீப்பில் யார் யாருடன் போகிறார்கள்? வேலையில் சேரும்போது வி.டி.சி.யில் (தொழிற்பயிற்சி மையம்) தரும் பயிற்சியில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்கு அரை மணி நேரமாவது இருக்கிறதா? கான்ட்ராக்டரின் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

வாசகிக்குக் கடைசியாக: புகாரை ஆறு பிரதியாகக் கொடுக்கச் சொல்கின்றன விதிகள். ஏழாவதாக ஒன்று எடுத்து, அதில் தேதியும் கையெழுத்தும் வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அதோடு சேர்த்து வையுங்கள்.