‘மரச்செக்கு’ என்று லேபிளில் போடக் கூடாதா?

கேள்வி: ஈரோடு பக்கம் சின்னதாகச் செக்கு வைத்து ஆறு வருடமாக எண்ணெய் விற்கிறோம். லேபிளில் எங்கள் பெயரும் ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’ என்றும் இருக்கும். ‘மரச்செக்கு’ தங்கள் டிரேட்மார்க் என்றும், 15 நாளில் நீக்காவிட்டால் வழக்கு என்றும் ஒரு நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. 3,000 லேபிள் அச்சடித்து வைத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். நோட்டீஸைக் கிடப்பிலும் போடாதீர்கள்.

முதலில் நோட்டீஸில் உள்ள பதிவு எண்ணை டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் தேடுங்கள், செலவில்லை. பதிவகம் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறது, சமையல் எண்ணெய்க்கு வகுப்பு 29. பதிவாகியிருப்பது ‘மரச்செக்கு’ என்ற தனிச் சொல்லா, அல்லது காளை, செக்கு, கம்பெனிப் பெயர் எல்லாம் சேர்ந்த லோகோவா என்று பாருங்கள். லோகோ என்றால், 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி உரிமை அந்த முழு லோகோவுக்குத்தான். அதற்குள் இருக்கும், தொழிலில் எல்லோரும் புழங்கும் சொல்லுக்குத் தனி உரிமை கிடையாது. விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு நோட்டீஸ் அனுப்புகிறவர்களும் உண்டு. அந்த விண்ணப்பம் டிரேட்மார்க் இதழில் வெளியாகியிருந்தால், வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் நீங்கள் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம்.

தனிச் சொல்லாகவே பதிவாகியிருந்தால்? அப்போதும் 30(2) பிரிவு உங்களைக் காக்கும். பொருளின் வகையையோ தரத்தையோ சொல்வதற்காக ஒரு சொல்லைப் பயன்படுத்துவது அத்துமீறல் ஆகாது. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயை வேறு என்ன சொல்லி விற்பது!

உங்கள் தொழிலிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. சஃபோலா எண்ணெய் விற்கும் மாரிகோ, ‘லோசார்ப்’ என்ற சொல்லைப் பதிவு செய்திருந்தது. போட்டி எண்ணெயான சன்ட்ராப் பாட்டிலில் ‘லோ அப்சார்ப்’ என்று வந்ததும் வழக்குப் போட்டது. எண்ணெயைக் குறைவாக உறிஞ்சும் என்ற விவரத்தைச் சற்றே திரித்து எழுதியதுதான் அந்தச் சொல் என்று பார்த்த டெல்லி உயர் நீதிமன்றம், 2010-இல் தடை தர மறுத்துவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2020-இல் யிப்பீ நூடுல்ஸின் ‘மேஜிக் மசாலா’வுக்காக, மேகியின் ‘மேஜிக்கல் மசாலா’வை எதிர்த்து ஐடிசி போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஆனால் சன்ட்ராப் பாட்டிலில் ‘சன்ட்ராப்’ என்ற சொந்தப் பெயர் இருந்ததைக் கவனியுங்கள். உங்கள் லேபிளை எடுத்துப் பாருங்கள். ‘மரச்செக்கு’ கொட்டை எழுத்திலும் உங்கள் பெயர் மூலையில் பொடியாகவும் இருந்தால், அந்தச் சொல்லையே பிராண்டாக வைத்திருக்கிறீர்கள் என்று வாதிட இடம் கொடுக்கிறீர்கள். அடுத்த அச்சில் உங்கள் பெயரைப் பெரிதாக்குங்கள். அவர்களுடைய நிறமோ காளைப் படமோ சாயலாகக்கூட வேண்டாம்.

15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும். பழைய பில்கள், லேபிள் அச்சடித்த ரசீது, உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாவற்றையும் தேதி வாரியாக வக்கீலிடம் கொடுங்கள். ‘இனி இந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டோம்’ என்று அவர்கள் அனுப்பும் உறுதிமொழியில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும்.

கூடவே, ‘எங்களைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம்’ என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே கொடுக்கும் கேவியட் மனுவும் ஒன்று போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்குவது கடினமாகும். சட்டப்படி அவர்கள் தங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், அந்த ஊர் நீதிமன்றத்திலும் மனு இருக்கட்டும்.