நெரிசலில் ஓடும் காருக்கு 3000 ஸ்டால் எதற்கு?

கேள்வி: என்னுடையது பத்து வருடம் ஓடிய 1.6 லிட்டர் பெட்ரோல் கார், டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக். தினமும் அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறேன். கொஞ்ச நாளாக சிக்னலில் மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. கன்வர்ட்டரை 3000 ஆர்பிஎம் ஸ்டாலுக்கு மாற்றினால் பறக்கும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா சார்?
(வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: வேண்டாம் சார். 3000 ஸ்டால் என்றால் 3000 வந்த பிறகுதான் வண்டி நகரும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கியரை டி-யில் போட்டு, பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால், இன்ஜின் எந்த ஆர்பிஎம்முக்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ அதுதான் ஸ்டால். கன்வர்ட்டருக்குள் இன்ஜின் பக்கத்துச் சக்கரம் ஆயிலை வாரி அடிக்கிறது, அந்த அடியில்தான் கியர்பாக்ஸ் பக்கத்துச் சக்கரம் சுற்றுகிறது, லாக்கப் கிளட்ச் இரண்டையும் நேரடியாகப் பூட்டும்வரை நடுவே ஆயில் மட்டும்தான். ஸ்டாலை உயர்த்துவது என்பது இந்தப் பிடியைத் தளர்த்துவது. 3000-க்குக் கீழே இழுவையே இல்லாத ரேஸ் இன்ஜினுக்கு அது தேவை. உங்கள் இன்ஜின் 2000 சொச்சத்திலேயே நன்றாக இழுக்கும், கம்பெனி ஸ்டாலும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

பிடி தளர்ந்தால் வழுக்கல், வழுக்கினால் சூடு. என் பழைய காரில் இதைச் செய்து பார்த்தவன் நான். காலியான ரோட்டில் கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில்க் போர்டு நெரிசலில் மூன்று மாதம் ஊர்ந்த பிறகு ஒரு நாள் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன், ரோஜாப்பூ நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் டீ டிகாஷன் மாதிரி இருந்தது, தீய்ந்த வாடை வேறு. அந்த மாதமே பழைய கன்வர்ட்டரைத் திரும்ப மாட்டினேன்.

உங்கள் கடிதத்தில் நான் கவனித்த வார்த்தை 'கொஞ்ச நாளாக'. அப்படியானால் இது ரிப்பேர் விஷயம். கன்வர்ட்டரின் நடுவில் ஸ்டேட்டர் என்று ஒரு சக்கரம் உண்டு, ஒரு பக்கம் மட்டும் சுற்றும். வண்டி நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போது டார்க்கை, அதாவது சுழற்றும் பலத்தை, ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுப்பது அதுதான். அதன் ஒருவழி கிளட்ச் பிடிக்காமல் போனால் கிளம்பும்போது சோம்பல், ஹோசூர் ரோட்டில் வேகம் பிடித்த பிறகு எல்லாம் சரி. உங்களுக்கும் அப்படியா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கியர்பாக்ஸ் ஆயில் அளவு, இவற்றை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பிறகு நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஸ்டால் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட அளவைவிடக் குறைவாகக் காட்டினால் இன்ஜின் பலமில்லை அல்லது ஸ்டேட்டர் போய்விட்டது, அதிகமாகக் காட்டினால் கியர்பாக்ஸ் கிளட்ச்கள் வழுக்குகின்றன. நீங்களே வீட்டு வாசலில் முயற்சி செய்யாதீர்கள், ஐந்து விநாடிக்கு மேல் பிடித்தாலே ஆயில் கொதிக்கத் தொடங்கும், முன்னால் ஆள் நின்றால் ஆபத்து வேறு. டர்போ இல்லாத இன்ஜினுக்குப் பெங்களூரின் 900 மீட்டர் உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் அளவு கொஞ்சம் இறங்கித் தெரியும், அதையும் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

கன்வர்ட்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தால், கம்பெனி அளவிலேயே, லாக்கப் உள்ளதாகப் போடுங்கள். ஸ்டால் 200, 300 ஆர்பிஎம் கூட வேண்டும் என்று மனசு கேட்டால் முதலில் தனி ஆயில் கூலர், அப்புறம்தான் அது.

கேள்வி: ரீமேப் செய்தால், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிப் பலத்தைக் கூட்டினால், ஸ்டால் மாறுமா?
(வாசகர், மர்ஃபி டவுன்)

பதில்: மாறும். அதே கன்வர்ட்டரை அதிக டார்க் தள்ளினால் ஸ்டால் ஆர்பிஎம் ஏறும். அதனால் வேறொருவர் காரில் 2400 காட்டியது உங்கள் காரிலும் 2400 காட்டும் என்று நம்பி வாங்காதீர்கள்.