முன்பணம்

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 41 வயது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நல்ல பொறுப்பில் இருக்கிறேன். சோழிங்கநல்லூரில் சொந்த வீடு, திருவண்ணாமலையில் கிரிவலப் பாதைக்கு அருகே ஒரு மனை. எதற்கும் குறைவில்லை. ஆனால் சில ஆண்டுகளாக உள்ளே ஏதோ வற்றிக்கொண்டே போகிறது. ‘காதற்ற ஊசியும் வாராது’ என்ற பட்டினத்தார் வரி நினைவுக்கு வந்தால் இரவில் தூக்கம் போய்விடுகிறது. தினமும் காலை ஆறு மணிக்குத் தியானம் செய்கிறேன். அதுவும் நிலைப்பதில்லை. சென்ற வாரம் மனம் நன்றாக அடங்கியிருந்த நேரத்தில், வீட்டில் சமையல் செய்யும் அம்மாள் வந்து மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டார். கடுமையாகப் பேசிவிட்டேன். அன்று முழுவதும் மனம் கலங்கிக் கிடந்தது.

உலக வெற்றியையும் ஆன்மிக வளர்ச்சியையும் எப்படிச் சமநிலையில் வைப்பது? 45 வயதில் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே போய்விடலாமா? குரு அவசியமா? அசைவத்தை விட வேண்டுமா?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கடைசி முறை ஒரே ஒரு வரியைத் தேடிக்கொண்டு படித்தேன். அது எங்கும் இல்லை. அந்த அம்மாளுக்குப் பணம் கொடுத்தீர்களா?

உள்ளே வற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். கை நிறையச் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன துயரம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த வறட்சி மெய்யானது. அது வந்ததும் அதை மறைக்காமல், முகம் தெரியாத ஒருத்திக்கு எழுதத் தோன்றியதே, அதற்காகவே உங்கள் மேல் எனக்கு அன்பு உண்டாகிறது. அந்த உரிமையில்தான் மேலே எழுதப்போவதை எழுதுகிறேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். புலால் பற்றி வள்ளலார் விடுங்கள் என்றார். எனக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. குருவைத் தேடும் வேலையைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள். பட்டினத்தார் ஊசியைப் பற்றிச் சொன்னது உண்மை, எல்லாரும் அறிந்த உண்மை, அதைச் சொல்லிக்கொண்டு இரவில் விழித்திருப்பதால் எவருக்கும் ஒரு பயனும் இல்லை.

சமநிலை என்ற சொல்லுக்கு வருகிறேன். தராசு என்றால் இரண்டு தட்டு. ஒரு தட்டில் உங்கள் சம்பளம், உங்கள் வீடு, உங்கள் மனை. மறு தட்டில் உங்கள் தியானம், உங்கள் அமைதி, உங்கள் வளர்ச்சி. இரண்டு தட்டிலும் நீங்களே ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள், தம்பி. இதில் எதை எதோடு நிறுப்பது? உங்கள் கடிதத்தில் உங்களைத் தவிர வேறொரு மனித உயிர் வருவது ஒரே இடத்தில்தான். அந்த உயிரும் இடைஞ்சலாக வருகிறது. மனை எத்தனை சதுர அடி என்றுகூட எழுதியிருந்தீர்கள், இங்கே அதை நீக்கியிருக்கிறேன். அந்த அம்மாளின் பெயரை எழுதவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. தைப்பூசத்துக்கு வடலூர் போய்வந்ததிலிருந்து என் தந்தையின் நினைவாகவே இருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நினைவின் நடுவில் வந்து சேர்ந்தது.

என் தந்தை பண்ருட்டியில் ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. மண்டி முதலாளி சன்மார்க்கி, வள்ளலார் நெறியைப் பின்பற்றுகிறவர். வள்ளலார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றாமல் கல்லாவைத் திறக்க மாட்டார். மாதந்தோறும், பசித்தவர்களுக்குச் சோறு போடும் வடலூர் தருமசாலைக்கு நான்கு மூட்டை அரிசி அனுப்புவார், ஒரு மாதமும் தவறியதில்லை. வெள்ளை வேட்டி, உரக்கப் பேசாத வாய். தந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் என் உள்ளங்கையில் கல்கண்டு வைப்பார். மண்டிச் சாக்குகளில் நீல மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மாங்காய், அதன் கீழே முதலாளியின் பெயர். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் அந்தப் பெயர்தான்.

மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாரக் கூலி. அதே ஐந்து மணிக்குத்தான் முதலாளி உள்ளறையில் வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அகவல் படிக்க உட்காருவார். அகவல் 1596 அடிகள். நிறுத்தி நிதானமாகப் படித்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் நிதானமாகத்தான் படிப்பார். அது முடியும்வரை கல்லாவை யாரும் தொடக் கூடாது. கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினோரு பேர் வாசலில் காத்திருப்பார்கள். வீட்டுக்குச் சாமான் வாங்க வேண்டிய கடைகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்துக்கொண்டிருக்கும்.

1972 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அடைமழை. தந்தைக்குக் குடை கொண்டு போயிருந்தேன், எனக்கு அப்போது பத்து வயது. பதினோரு பேரில் ஒருவருடைய மனைவி, கைக்குழந்தையோடு, சாக்குப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசல் ஓரமாக நின்றிருந்தார். உள்ளே அகவல் ஓடிக்கொண்டிருந்தது. தந்தை பேனாவை மூடி வைத்தார். எழுந்துபோய்க் கல்லாப்பெட்டியைத் திறந்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூலியைக் கொடுத்து, பேரேட்டில் எழுதி, கைநாட்டு வாங்கினார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். பதினோராவது ஆள் தெருவில் இறங்கும்போதும் உள்ளே குரல் நிற்கவில்லை.

முதலாளி வெளியே வந்தார். பேரேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். “கணக்கு சரியாக இருக்கிறது” என்றார். சற்றுநேரம் கழித்து, அதே தாழ்ந்த குரலில், “திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்” என்றார். எனக்கு அன்றும் கல்கண்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இதைப் பல மேடைகளில் என் தந்தையின் வீரக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அம்மா கேட்டார்: “அவர்கள் வீட்டு உலையை நினைத்தீர்கள். நம் வீட்டு உலை உங்கள் நினைவுக்கு வரவில்லையா?” தந்தையிடம் பதில் இல்லை. அம்மாவின் தோடு முதலில் அடகுக்குப் போனது, பிறகு முழுகிப் போனது. கார்த்திகையில் எங்களையும் கூட்டிக்கொண்டு அம்மா வடலூரில் இருந்த மாமா வீட்டுக்குப் போனார். மாமாவுக்கும் நான்கு பிள்ளைகள். அங்கேயும் பானை சிறியதுதான். “சாமி சோறு வாங்கிச் சாப்பிட்டு வாருங்கள்” என்று மதியத்தில் எங்களைத் தருமசாலைக்கு அனுப்புவார். தாம் ஒருநாளும் வரவில்லை. அவருக்கு மானம் பெரிது.

1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு அது. அன்றிலிருந்து அணையவில்லை என்பார்கள். பார்வதிபுரம் மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் அவர் முதலில் எழுப்பியது சோறு போடும் சாலைதான். ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபை வந்தது 1872இல். முதலில் அடுப்பு, ஐந்து ஆண்டு கழித்து ஜோதி. இந்த வரிசையை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தேன். நீல வட்டம், வட்டத்துக்குள் மாங்காய். கீழே அந்தப் பெயர்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் எங்களை அனுப்பினார்.

முதலாளியைப் போலி என்று எழுதிவிட்டால் எனக்கு வசதி. எழுத மாட்டேன். அவருடைய பக்தியில் கலப்படம் இல்லை, அவருடைய அரிசியிலும் இல்லை. அந்த அரிசி மூன்று மாதம் என்னையும் என் தம்பியையும் உயிரோடு வைத்திருந்தது. இந்தக் கடிதத்தை எழுதும் விரலில் அதுவும் இருக்கிறது. ஆனால் அதே மனிதரின் வாசலில் ஒரு பெண் குழந்தையோடு மழையில் நின்றதும் நடந்ததுதான். வடலூரில் இருந்த பசி அவருக்குத் தெரிந்தது. தம் வாசற்படியில் நின்ற பசி தெரியவில்லை. வடலூருக்குப் போன அரிசி தானம், அதில் அவர் மனம் குளிர்ந்தது. வாசலில் நின்றவர்களுக்குத் தர வேண்டியது கடன். கடனைத் தீர்ப்பதில் யாருக்கும் மெய்சிலிர்ப்பதில்லை. யாரும் கும்பிடுவதும் இல்லை.

பின்னாளில் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ படித்தபோது பசியைப் பற்றி வள்ளலார் எழுதியிருப்பதைக் கண்டு உறைந்துபோனேன். கண் பஞ்சடைந்து குழிவது, காது அடைத்துக் கும்மென்பது, நாக்கு உலர்வது, கை கால் துவள்வது என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும். அதே நூலில், தன் குடும்பத்தைப் பசியில் வருந்தவிட்டு அயலார் பசியை நீக்கப் புறப்படுவதை அவர் ஏற்கவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மா கேட்ட கேள்விக்கு நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் அம்மாவின் பக்கம் நின்று பேசியிருக்கிறார். என் தந்தை செய்தது சரியா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. சரிதான் என்று காலையில் தோன்றுகிறது. அம்மாவின் வெறும் காது நினைவுக்கு வரும்போது தோன்றுவதில்லை.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுக்கு இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான். அந்த அம்மாளுக்கு முன்பணம் கொடுத்தால் உங்கள் வீட்டில் யாருடைய தோடும் போகப்போவதில்லை. என் தந்தைக்கு ஒரு வேலையை விலையாகக் கேட்ட காரியம் உங்களிடம் சில ஆயிரம் ரூபாயைக் கேட்கிறது. அதுவும் இனாமாக இல்லை, அவரே உழைத்துக் கழிக்கப்போகும் பணம்.

ஆறு மணிக்குத் தியானத்தில் உட்கார்ந்தீர்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? தன் வீட்டு அடுப்பை எப்போது மூட்டியிருப்பார்? முதல் பஸ்ஸா, நடையா? தியானம் முடிந்து நீங்கள் கண் திறக்கும்போது கையில் வரும் காபிக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அந்த நேரத்தில் ஏன் கேட்டார் என்று யோசித்தீர்களா? மற்ற நேரத்தில் நீங்கள் தொலைபேசியில் இருந்திருப்பீர்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கலாம் என்று நினைத்திருப்பார். கேட்கும் வார்த்தையை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். கேட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், கேட்பதற்கு முந்திய இரவில் தூக்கம் வராது. அன்று முழுவதும் உங்கள் மனம் கலங்கிக் கிடந்தது என்கிறீர்கள். அவருடைய மனம் எப்படிக் கிடந்தது? அன்று மதியம் அவர் சமைத்ததைத்தானே சாப்பிட்டீர்கள்?

திருவண்ணாமலைக்குப் போகலாமா என்கிறீர்கள். அங்கே போன ஒருவரைச் சொல்கிறேன். 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். தகப்பனாரைத் தேடிப் போகிறேன், யாரும் விசனப்பட வேண்டாம் என்று எழுதினார். கையெழுத்து இடவேண்டிய இடத்தில் வெறும் கோடு. தன் பெயரையே விட்டுவிட்டவர் அதே சீட்டில் இன்னும் ஒன்றை எழுதினார்: அண்ணனின் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது. செப்டம்பர் 1 அன்று அருணாசலத்தை அடைந்து, கையில் மிஞ்சியதை ஐயன்குளத்தில் எறிந்தார். பிறகு, ரமணர் என்று உலகம் அறிந்த அவர் பணத்தைத் தொடவில்லை. குளத்தில் பணத்தை எறிந்ததையே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குச் சீட்டில் இருந்த அந்தச் சம்பள வரிதான் பெரிதாகப் படுகிறது. உலகத்தை விட்டுப் போகும் நேரத்திலும் ஒரு மாணவனின் கட்டணம் பாக்கி என்பது அந்தப் பையனின் நினைவில் இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு மாணவனின் கட்டணம் பாக்கி இருக்கிறது. மனையில் வீடு கட்டுவதா, 45இல் போவதா, 50இல் போவதா என்பதையெல்லாம் பிறகு எழுதுங்கள், பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கல்லூரிகள் கட்டணத்துக்கு அதிக நாள் பொறுப்பதில்லை, தவணை தவறினால் அபராதமும் சேரும். அந்த அம்மாள் இரண்டாவது முறை உங்களிடம் கேட்க மாட்டார். நாளைக் காலை அவர் வரும்போது நீங்களே எழுந்துபோய்க் கேளுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள். பையன் என்ன படிக்கிறான் என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் பெயரையும்.