ஆஸ்திரேலியத் தமிழ்ச் சங்கங்களும் மண்ணின் மக்களும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மெல்பனில் எங்கள் பொங்கல் விழாவுக்கு ‘வெல்கம் டு கன்ட்ரி’ (பூர்வகுடிகள் தங்கள் நிலத்துக்கு நம்மை வரவேற்பது) வைக்க ஆசை. சங்கத் தலைவரே சொல்லலாமா?

பதில்: கூடாது. அந்த வரவேற்பைச் சொல்ல அந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர் ஒருவர் வர வேண்டும். நாம் சொல்லக்கூடியது ‘அக்னாலெட்ஜ்மென்ட்’, அதாவது இது இன்னாருடைய நிலம் என்று மரியாதையோடு சொல்வது. அதை யாரும் சொல்லலாம், தமிழிலேயே சொல்லலாம். முதலில் மண்டபம் மெல்பன் பூர்வகுடிகளில் வுருன்ஜெரி மக்கள் நிலத்திலா, புனுராங் மக்கள் நிலத்திலா என்று பாருங்கள். நகருக்குள்ளேயே இருவருக்கும் 2021இல் எல்லை வகுத்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் பதிவு பெற்ற அமைப்பு உண்டு. பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரும் பெரியவருக்குப் பணம் தரணுமா? ஆசி வழங்குவது மாதிரிதானே?

பதில்: தரணும். நாதஸ்வரக்காரருக்கு முன்பணம் கொடுத்துத்தானே அழைக்கிறோம்? கட்டணத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள், போக வர வண்டியும் ஏற்பாடு செய்யுங்கள். எம்.பி. வந்ததும் எல்லாரும் அவர் பின்னால் ஓட, பெரியவர் தனியாக நிற்பதைச் சில விழாக்களில் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் உட்கார வைத்து, சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

கேள்வி: ஜனவரி 26 இந்தியக் குடியரசு நாள், ஆஸ்திரேலியா தினமும் அன்றுதான். சேர்த்தே கொண்டாடலாமா?

பதில்: 1788இல் அதே நாளில்தான் ஆர்தர் பிலிப் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ‘சிட்னி கோவ்’ என்ற சிறு விரிகுடாவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அபாரிஜினல் (பூர்வகுடி) மக்கள் 1938லேயே அதைத் துக்க நாளாக அறிவித்து சிட்னியில் கூடினார்கள். இன்றும் பலர் ‘படையெடுப்பு நாள்’ என்றே சொல்கிறார்கள். குடியரசு நாள் கொடியேற்றம் நடக்கட்டும். ஆட்டம் பாட்டத்தையும் பார்பிக்யூவையும் வேறு நாளுக்கு மாற்றுங்கள் என்பேன். மே 27 முதல் ஜூன் 3 வரை பூர்வகுடிகளோடு நல்லிணக்கம் பேணும் நல்லிணக்க வாரம், ஜூலையில் அவர்கள் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம். அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குச் சங்கமாகப் போய் உட்காருங்கள். நம் விழாவுக்கு அவர்களை அழைப்பது அதற்கப்புறம்.

கேள்வி: பூர்வகுடிகளிடம் ‘நீங்களும் நாங்களும் ஒரே வம்சம்’ என்று மேடையில் சொன்னால் மகிழ்வார்களே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2013இல் வந்த ஒரு மரபணு ஆய்வு இந்தியத் தொடர்பைச் சொன்னது. 2016இல் தந்தை வழியாக வரும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தவர்களுக்கு அதற்கான தடயம் கிடைக்கவில்லை. அது எப்படியோ, பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கேயே வாழ்பவர்களிடம் நேற்று வந்த நாம் வம்சம் பேசுவது அழகில்லை.

கேள்வி: தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் பூர்வகுடிகளின் புள்ளி ஓவியம் வரையலாமா?

பதில்: நகல் எடுக்க வேண்டாம். பல ஓவியங்கள் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதை. வரைய அவர்களுக்கே உரிமை. அந்தப் பாணியும் மத்தியப் பாலைவனத்தில் பிறந்தது, மெல்பன் மரபு கிடையாது. உள்ளூர்க் கலைஞர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அழையுங்கள், என்ன வரையலாம் என்று அவர் சொல்லட்டும்.