எந்தக் கப்?

கேள்வி: இணையத்தில் ஒரு சமையல் புத்தகம் வாங்கினேன். அட்டை பிரமாதம். உள்ளே, பட்டியலில் இருக்கும் வெண்ணெய் செய்முறையில் வரவே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. யாரும் ஒருமுறைகூடச் சமைத்துப் பார்க்காமல், கண்ட இடத்தில் அள்ளியதைத் தொகுத்து அச்சடிக்கும் புத்தகங்கள் விற்பனைக்கு வருகின்றன. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பணத்தைக் கேளுங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று காரணம் எழுதாதீர்கள். ‘பொருளில் குறை, செய்முறை முழுமையாக இல்லை’ என்று எழுதுங்கள். அப்புறம், அதே படத்தோடு விமர்சனமும் போடுங்கள், அடுத்தவராவது தப்பிக்கட்டும்.

கேள்வி: வீட்டில் 18 சமையல் புத்தகங்கள். இரண்டைத்தான் புரட்டுகிறேன். தள்ளுபடியில் ஒரு பெரிய தொகுப்பு வருகிறது, வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: சொன்னபடியே கப்பில் அளந்தேன், கேக் கல்லாகிவிட்டது. புத்தகம் தப்பா, நான் தப்பா?

பதில்: கப் என்று எழுதிவிட்டு எத்தனை மில்லி என்று சொல்லியிராவிட்டால் புத்தகம்தான் தப்பு. எந்தக் கப்? அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200, ரைஸ் குக்கரோடு வருவதோ 180. டேபிள் ஸ்பூன் பல நாடுகளில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20.

கப் சரியாக இருந்தாலும் மாவு காலை வாரும். ஸ்பூனால் தளர்வாக நிரப்பி மேலே வழித்துவிட்டால் ஒரு கப் மைதா சுமார் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் அழுத்தி மொண்டால் 150 வரை போகும். மூன்று கப் போடும்போது 90 கிராம் கூடிவிட்டால் கேக் கல்லாகாமல் என்ன செய்யும்?

படங்களில் மயங்கி நானும் ஒரு கனத்த ரொட்டிப் புத்தகம் வாங்கினேன். முழுக்கக் கப் கணக்கு. நான்கு தடவை பிசைந்த மாவும் குப்பைக்குத்தான் போனது. பிறகு தராசு வாங்கி, அதே கப்பில் அதே மாவை மூன்று முறை மொண்டு நிறுத்தேன்: 128, 141, 150. அத்தனை நாளும் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அளவு சொல்லாத புத்தகத்துக்குக் காசு வாங்குவது அநியாயம். கடையில் பிரித்ததும் முதலில் கிராம் இருக்கிறதா என்று பாருங்கள், படம் அப்புறம்.

கேள்வி: வெங்காயம் நன்றாகப் பழுப்பாக 10 நிமிடம் என்கிறது புத்தகம். எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. அடுப்பை மாற்றவா?

பதில்: அடுப்பில் குறையில்லை. சிறு தீயில் இனிக்க இனிக்கப் பழுப்பாக 40 நிமிடம்கூட ஆகும். நிறத்தைப் பாருங்கள், கடிகாரத்தை அல்ல.

கேள்வி: வாங்கிய முதல் வாரமே ஏடுகள் கழன்றன. ஆறு மாதம் ஆகிவிட்டது, ரசீதும் இல்லை. மாற்றித் தருவார்களா?

பதில்: முதல் வாரமே கேட்டிருக்க வேண்டியதுதானே? இனி கஷ்டம். கார்டில் வாங்கியிருந்தால் வங்கிப் பதிவைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். அடுத்த முறை நூலால் தைத்த கட்டாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பசைக்கட்டை அடிக்கடி அகல விரித்தால் முதுகு வெடித்து ஏடு பெயரும். கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்து வைத்துக் கையை எடுங்கள். தானாக மூடிக்கொண்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.