நுகர்வோர் கேள்வி-பதில்: வீடு விற்றது அரசு என்றால் கேஸ் போட முடியாதா?

கேள்வி: அரசு நிறுவனம் ஒன்று 2019-ல் குலுக்கல் முறையில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்கியது. 34 லட்சம் ரூபாய். கடைசித் தவணையை 2022-ல் கட்டிவிட்டோம். ஒதுக்கீட்டு ஆணையில் சொன்ன தேதி போய் மூன்று வருடம் ஆகிறது, சாவி வரவில்லை. ஒரு பக்கம் வீட்டு வாடகை, இன்னொரு பக்கம் பேங்க் தவணை. கேட்கப் போனால், "இது கவர்மென்ட் சார், தனியார் பில்டர் மாதிரி இங்கே கேஸ் போட முடியாது" என்கிறார்கள். உண்மைதானா? (வாசகர், மதுரை)

பதில்: உண்மையில்லை. இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1993 நவம்பரிலேயே பதில் சொல்லிவிட்டது. லக்னோ வளர்ச்சி ஆணையத்திடம் வீடு வாங்கி, பணத்தைக் கட்டிவிட்டு அலைந்த ஒருவரின் வழக்கு அது. 'நாங்கள் சட்டப்படி அமைந்த அரசு அமைப்பு, நுகர்வோர் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று ஆணையம் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு வீடு கட்டித் தருவது சேவைதான், தருவது அரசாக இருந்தாலும் தாமதம் என்பது சேவைக் குறைபாடுதான் என்றது.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மன உளைச்சலுக்காகக் கொடுக்கச் சொன்ன 10,000 ரூபாயை ஆணையத்தின் கஜானாவிலிருந்து எடுக்கக் கூடாது, யாரால் தாமதம் ஆனது என்று 6 மாதத்துக்குள் கண்டுபிடித்து, அந்த அதிகாரிகளின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். காரணம் எளிது. அரசு தருகிற நஷ்ட ஈடு என்பது நாம் கட்டிய வரிப்பணம். ஒரு அதிகாரி மேசையில் கோப்பைத் தூங்கவிட்டதற்கு ஊர் முழுக்க ஏன் பணம் கட்ட வேண்டும்? நீங்கள் புகார் எழுதும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, "தாமதத்துக்குப் பொறுப்பான அலுவலரிடமிருந்து தொகையை வசூலிக்க உத்தரவிட வேண்டும்" என்று கோரிக்கையில் ஒரு வரி சேருங்கள். பெரும்பாலான மனுக்களில் இந்த வரி இருப்பதில்லை.

இப்போது நடைமுறை. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். 20 முதல் 50 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், எதிர்த்தரப்பின் தலைமையகம் எங்கே என்று தேடிப் போக வேண்டாம். இரண்டு வருடக் காலக்கெடு உண்டு. ஆனால் வீட்டை ஒப்படைக்காமல் இருப்பது தொடர்கிற தவறு என்பதால், சாவி வரும்வரை உங்கள் உரிமை காலாவதி ஆகாது.

இன்னொரு வழி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், எல்லோரும் ரெரா என்கிறார்களே, அது. 2016 சட்டத்தில் வீடு கட்டி விற்கும் அரசு அமைப்புகளும் 'மேம்பாட்டாளர்' என்ற சொல்லுக்குள் வருகின்றன. அங்கே போனால், ஒப்படைக்கும்வரை மாதாமாதம் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி அது ஸ்டேட் வங்கியின் கடன் வட்டி விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டியது. உங்கள் பேங்க் தவணையை நினைத்துப் பாருங்கள், இது சின்னத் தொகை இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஏலத்தில் எடுத்த மனைக்கு நுகர்வோர் வழக்கு எடுபடாது. 'உள்ளது உள்ளபடி' ஏலம் கேட்டவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2009-ல் சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுடையது குலுக்கல் ஒதுக்கீடு என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி: ஆற்றோரக் குடிசையிலிருந்து எடுத்து எங்களை அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்தார்கள். பயனாளி பங்குத்தொகை கட்டியிருக்கிறோம். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுவரில் ஆணி அடித்தால் கைப்பிடி மணல் கொட்டுகிறது. மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் அடுப்பு மேல் சொட்டுகிறது. "சும்மா கொடுத்த வீடு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். (வாசகி, சென்னை)

பதில்: அம்மா, முதலில் ஒன்று. அது சும்மா கொடுத்த வீடு இல்லை. நீங்கள் இருந்த இடத்தைக் கொடுத்தீர்கள், வேலைக்குப் பக்கத்தில் இருந்த வசதியைக் கொடுத்தீர்கள், பங்குத்தொகையும் கட்டினீர்கள். அந்த ரசீதை லேமினேட் செய்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் உங்களுக்கு அதுதான் பிடிமானம்.

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தொட்டாலே பூச்சு உதிர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே குடியிருந்தவர்கள் சுவரைச் சுரண்டிக் காட்டியது வீடியோவாக ஊர் முழுக்கப் போனது. அதற்குப் பிறகுதான் சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களை ஆய்வுக்கு அனுப்பினார்கள், பொறியாளர்கள் மீது நடவடிக்கை வந்தது. சாட்சியம் இருந்ததால் வந்த நடவடிக்கை அது.

நீங்களும் சாட்சியம் சேர்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பலர் கண்ணில் படாத ஒரு வசதி உண்டு. காகித நகல் கேட்பது மட்டுமில்லை, அரசுப் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் அந்தச் சட்டத்தின் 2-வது பிரிவு உரிமை தருகிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே என்ற சான்று இருந்தால் அதுவும் வேண்டாம். கேட்க வேண்டியவை இவை: உங்கள் பிளாக்கின் ஒப்பந்ததாரர் யார், சிமென்ட்டும் கான்கிரீட்டும் சோதித்த அறிக்கை, அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல், பணியைச் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பொறியாளரின் பெயரும் பதவியும், ஒப்பந்ததாரர் சொந்தச் செலவில் பழுது பார்க்க வேண்டிய காலம் எப்போது முடிகிறது என்ற விவரம்.

இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலம் முடிந்த மறுநாள், பழுதுச் செலவு முழுவதையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். முடிவதற்குள் ஒரு மனுவாவது பதிவில் ஏறியிருக்க வேண்டும். தனியாக எழுதாமல், ஒரே பிளாக்கில் இருக்கும் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுங்கள். ஒழுகும் இடத்தைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து இணையுங்கள். பதில் 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. பணம் எதுவும் கட்டவில்லை. இரண்டு மாதமாக வயிற்றுவலி. தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது உள்ளே பஞ்சுத்துணி இருப்பது தெரிந்தது. மறு ஆபரேஷனுக்கு 1.8 லட்சம் செலவு. இலவசச் சிகிச்சை என்பதால் கேட்க முடியாது என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

பதில்: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. அம்மா இப்போது நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இலவசம் என்பதால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் மாறும், உரிமை போகாது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பதிவுச் சீட்டுக்கு வாங்கும் சில்லறைத் தொகை கணக்கில் சேராது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே மருத்துவமனையில் ஒரு சிலரிடமாவது சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கினால், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். அங்கே கட்டண வார்டு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இல்லையென்றால் சிவில் நீதிமன்றம், அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு. உங்கள் அம்மாவுக்கு நடந்ததுபோலவே 1963-ல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் நடந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தபோது வயிற்றுக்குள் துண்டை விட்டுவிட்டார்கள். அவர் இறந்துபோனார். மருத்துவமனை நடத்துவது அரசின் இறையாண்மைப் பணி (அரசு மட்டுமே செய்யக்கூடிய ஆட்சி வேலை), அதனால் பொறுப்பில்லை என்ற வாதத்தை 1996-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டு, மகாராஷ்டிர அரசு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. அந்தக் குடும்பம் 33 வருடம் காத்திருந்தது, அது பெரிய கொடுமை. உங்களுக்கு அந்தத் தீர்ப்பு இப்போது கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியது: முதல் ஆபரேஷனின் முழு மருத்துவப் பதிவேட்டையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. தனியார் மருத்துவமனையில் எடுத்த துணி பற்றிய ஆபரேஷன் குறிப்பும் ஸ்கேனும் அசலாக உங்களிடம் இருக்கட்டும், யாருக்கும் அசலைக் கொடுக்காதீர்கள். அரசு மீது சிவில் வழக்குப் போடுமுன் இரண்டு மாத நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. வழக்கை அம்மா பெயரில் போடுங்கள். ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100.

கேள்வி: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் மகளுக்குத் தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. "அரசு இன்னும் எங்களுக்குப் பணம் தரவில்லை, நீங்கள் கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்கிறது பள்ளி. கட்டலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கட்ட வேண்டாம். பள்ளிக்குத் தர வேண்டியது அரசு, குழந்தை அல்ல. மத்திய அரசின் நிதி வராததைக் காட்டி மாநில அரசும் அந்தப் பொறுப்பிலிருந்து விலக முடியாது என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பள்ளியின் நிலைமையும் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தச் சண்டை பள்ளிக்கும் அரசுக்கும் நடுவே. வாய்வழியாகக் கேட்டால் "எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். பாதி இடங்களில் பேச்சு அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் புகார் அனுப்புங்கள். நுகர்வோர் ஆணையம் இதற்குச் சரியான இடம் இல்லை. கல்வியைச் சேவையாகக் கருத முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

கேள்வி: மனுவை வாங்கிக்கொள்கிறார்கள், சீல் மட்டும் போட மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்ய? (வாசகர், விருதுநகர்)

பதில்: எப்போதும் இரண்டு நகல் கொண்டுபோங்கள். அதிகாரியின் அறைக்குப் போகாமல் தபால் பிரிவுக்குப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் வரிசை எண்ணும் கேளுங்கள். மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அதே தெருவில் இருக்கும் தபால் நிலையத்தில் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, ரசீதை மனு நகலின் பின்பக்கம் ஒட்டி, "இன்று நேரில் கொடுத்தபோது ஒப்புகை தர மறுத்தார்கள்" என்று தேதியோடு கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.